வீட்டிலிருந்து ஆபீஸ் ஃபோல்டர் திறக்கவில்லையா? சிக்கல் எந்தப் படியில் என்று கண்டுபிடிக்கும் வழி

மாங்கூழ் ஃபேக்டரி, கிரானைட் ஏற்றுமதி, ஆடிட்டர் ஆபீஸ், ஓசூர் சிப்காட்டுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸ்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மூலையில் ஒரு கணினி. அதில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர். அந்தக் கணினிக்குப் பெயர் ‘சர்வர்’. பகலில் எல்லாம் சரியாக ஓடும். ராத்திரி பாலக்கோட்டிலோ அரூரிலோ வீட்டில் உட்கார்ந்து, விடிகாலை கிளம்பும் லோடு லிஸ்ட்டைத் திறக்கப் போனால் திரையில் பிழைச்செய்தி வந்து நிற்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றுவார்கள், ஃபயர்வாலை அணைப்பார்கள், விபிஎன்னை (வீட்டுக் கணினியை இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் கொண்டுபோகும் இணைப்பு) அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். ஆபீஸ் கணினி ஸ்லீப்பில் கிடந்தது காலையில்தான் தெரியவரும். அதற்குள் சரியாக இருந்த நான்கு விஷயங்களும் கெட்டிருக்கும். ஆகவே, சிக்கல் எந்தப் படியில் என்று தெரியும்வரை எதிலும் கை வைக்காதீர்கள்.

மொத்தம் நான்கு படிகள். உங்கள் வீட்டு நெட் வேலை செய்கிறதா, விபிஎன் இணைகிறதா, இணைந்த பிறகு சர்வர் கணினிவரை வழி இருக்கிறதா, சர்வர் உங்களுக்கு ஃபோல்டரைத் திறந்துவிடுகிறதா. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். மேல்படி சரியாகாமல் கீழ்ப்படியைச் சோதிப்பதில் பயன் இல்லை.

கட்டளைகளையும் மெனு பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

டயல்-அப்பிலிருந்து வந்த எண்கள்

முன்பு ஆபீஸில் ஒரு மோடமும் அதற்கென்று ஒரு டெலிபோன் லைனும் இருக்கும். வீட்டு மோடம் 04343 என்று தொடங்கும் அந்த எண்ணைச் சுற்றும், மறுமுனை எடுக்கும், யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சரியென்றால் வழி திறக்கும். வேகம் அதிகபட்சம் 56 கிலோபிட். நடைமுறையில் ஒரு எம்பி ஃபைல் வந்து சேர மூன்று நான்கு நிமிடம் ஆகும். இப்போது டெலிபோன் லைனின் இடத்தில் இன்டர்நெட் இருக்கிறது. ஆனால் விண்டோஸின் சொந்த விபிஎன் இன்றும் அதே ரிமோட் ஆக்சஸ் சேவையில்தான் ஓடுகிறது. பிழை எண்கள் 600, 700, 800 வரிசையில் வருவதற்கு அதுதான் காரணம். 691 என்றால் அன்றும் யூசர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு, இன்றும் அதே பொருள்தான். எண்ணைக் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். செய்தியைப் படிக்காமல் ‘க்ளோஸ்’ அழுத்துவதுபோல் நேரத்தை வீணாக்கும் காரியம் வேறில்லை. அழுத்துமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நிஜமான மோடம் வைத்து டயல் செய்பவர்களுக்குச் சுருக்கமாக: 680 என்றால் டயல் டோன் இல்லை, லைனில் போனைச் செருகிக் கேட்டுப் பாருங்கள். 676 என்றால் மறுமுனை பிஸி. 678 என்றால் மறுமுனை எடுக்கவில்லை, ஆபீஸ் மோடம் அணைந்திருக்கலாம். 633 என்றால் மோடத்தை வேறொரு மென்பொருள் பிடித்துவைத்திருக்கிறது, கணினியை ரீஸ்டார்ட் செய்தால் விடும்.

ஆபீஸிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியவை

வீட்டுக்குக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: விபிஎன் சர்வரின் முகவரி (ஐபி என்ற எண் முகவரியோ பெயரோ), விபிஎன் எந்த வகை, விபிஎன் யூசர் பெயரும் பாஸ்வேர்டும், எல்2டிபி வகையென்றால் ப்ரீ-ஷேர்டு கீ (இரண்டு பக்கமும் ஒன்றாக இட வேண்டிய ரகசியச் சொல்), ஃபைல் சர்வரின் உள் ஐபி, ஷேர் ஃபோல்டரின் பெயர், அந்த ஃபோல்டருக்கான யூசர் பெயரும் பாஸ்வேர்டும். விபிஎன்னுக்கு ஒரு யூசர், ஃபோல்டருக்கு வேறு யூசர் என்று பல ஆபீஸ்களில் இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால் வரும் தொல்லை பெரியது, அதற்குப் பிறகு வருவோம்.

இந்தக் கட்டுரையில் ஃபைல் சர்வரின் உள் ஐபி 192.168.10.5 என்றும் ஃபோல்டரின் பெயர் ‘கணக்கு’ என்றும் வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், விபிஎன் என்று போய் ‘ஆட் விபிஎன்’ அழுத்துங்கள். ப்ரொவைடர் என்ற இடத்தில் விண்டோஸ் பில்ட்-இன். கனெக்‌ஷன் நேம் உங்கள் விருப்பம். சர்வர் முகவரியைத் தாளில் உள்ளபடி, முன்னும் பின்னும் இடைவெளி விழாமல் இடுங்கள். விபிஎன் டைப்பை ‘ஆட்டோமேட்டிக்’ என்று விடாமல் ஆபீஸில் சொன்ன வகையையே தேர்ந்தெடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் விண்டோஸ் ஒவ்வொரு வகையாக முயலும், கடைசியில் காட்டும் பிழை எண் எந்த வகைக்கு உரியது என்று தெரியாமல் போகும்.

படி 1: வீட்டு நெட்

பிரவுசரில் ஏதாவது ஒரு செய்தித் தளம் திறந்தால் போதும். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பக்க ஊர்களில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) ‘பிங்’ 8.8.8.8 என்று தட்டி (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை), கடைசியில் ஓர் இடைவெளி விட்டுச் சிறு கோடு (-) போட்டு ‘டி’ சேர்த்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். இடையிடையே ‘டைம்டு அவுட்’ வந்தால் விபிஎன் இணைந்தாலும் நிலைக்காது. போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கணினியின் தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழை நம்பி ஓடும் எஸ்எஸ்டிபி, ஐகேஇவி2 வகை விபிஎன்கள் அப்போது இணைய மறுக்கும். நாணயம்போல் இருக்கும் அந்த பேட்டரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

படி 2: விபிஎன் இணையவில்லை

691: பாஸ்வேர்டு. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: தமிழ்99 விசைப்பலகையில் கடிதம் அடித்துவிட்டு அப்படியே பாஸ்வேர்டு கட்டத்துக்கு வந்திருப்பீர்கள். கட்டத்தில் புள்ளி மட்டும்தான் தெரியும், உள்ளே விழுவது தமிழ் எழுத்து. பக்கத்தில் உள்ள கண் குறியை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

868: சர்வர் பெயர் எந்த ஐபி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது ஆபீஸின் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரு பெயரோடு சேர்த்துவைக்கும் சேவை) கணக்கு காலாவதியாகியிருக்கும்.

789: எல்2டிபி வகையில் வருவது. பெரும்பாலும் ப்ரீ-ஷேர்டு கீயில் ஓர் எழுத்து தவறியிருக்கும். வாட்ஸாப்பில் வந்ததை நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வது வழக்கம்.

812: பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை இரண்டு பக்கமும் பொருந்தவில்லை, அல்லது சர்வரின் விதிமுறை உங்களை அனுமதிக்கவில்லை. இது ஆபீஸ் பக்கத்தில் சரிசெய்ய வேண்டியது.

720: ஐபி முகவரி பேச்சுவார்த்தை முறிந்தது. உங்களுக்கு மட்டும் வந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ போட்டு, நெட்வொர்க் அடாப்டர்களில் ‘வேன் மினிபோர்ட் ஐபி’ என்பதை அன்இன்ஸ்டால் செய்து, ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’ அழுத்துங்கள். எல்லோருக்கும் வந்தால் விபிஎன் சர்வரிடம் கொடுக்க ஐபி மிச்சமில்லை என்று பொருள்.

809: இது அடிக்கடி வருவது. உங்கள் கணினி தட்டுகிறது, மறுமுனையிலிருந்து பதிலே இல்லை. முதலில் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் வீட்டு ரௌட்டரோ வீட்டு நெட் கம்பெனியோ தடுக்கிறது. இரண்டிலும் இணையாவிட்டால் ஆபீஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். எல்2டிபி, ஐகேஇவி2 இரண்டுக்கும் யுடிபி 500, 4500 ஆகிய போர்ட்கள் (எண்ணிட்ட வாசல்கள்) ஆபீஸ் ரௌட்டரில் திறந்து சர்வருக்குத் திருப்பப்பட்டிருக்க வேண்டும். எஸ்எஸ்டிபிக்கு டிசிபி 443 மட்டும் போதும். சாதாரண இணையதளங்கள் போகும் அதே பாதை என்பதால் எந்த நெட்டிலும் அது தடைபடுவது அரிது. பிபிடிபி என்ற பழைய வகையை இன்னும் வைத்திருக்கும் ஆபீஸ்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. அதன் பாதுகாப்பு உடைக்கப்பட்டுப் பல வருடம் ஆகிறது.

எல்2டிபியில் 809 வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. விபிஎன் சர்வரே ஒரு ரௌட்டருக்குப் பின்னால் இருந்தால் விண்டோஸ் இயல்பாகவே இணைய மறுக்கும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்) கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், பாலிசி ஏஜென்ட் என்ற கிளைக்குப் போய், ‘அஸ்யூம் யுடிபி என்கேப்சுலேஷன் கான்டெக்ஸ்ட் ஆன் சென்ட் ரூல்’ என்ற பெயரில் (இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக) 32 பிட் டிவேர்டு ஒன்றை உருவாக்கி, மதிப்பாக 2 கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொட்டுப் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

ஆபீஸ் சமீபத்தில் நெட் கம்பெனியை மாற்றி, அன்றிலிருந்து யாருக்குமே விபிஎன் இணையவில்லை என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான். ஆபீஸ் ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (இன்டர்நெட் பக்கத்து முகவரி) என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, அந்த இணைப்புக்குத் தனி பொது முகவரி கிடையாது. கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, ரௌட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும். இல்லையென்றால் டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போல இரண்டு முனையும் வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும் முறைக்கு மாற வேண்டும்.

நேற்றுவரை ஓடி, விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளே நின்றால் உங்கள் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டாம். 2022 ஜனவரி அப்டேட் எல்2டிபி இணைப்புகளை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் சில நாளிலேயே தனித் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

படி 3: ‘கனெக்டட்’ என்கிறது, சர்வர் கிடைக்கவில்லை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ரன் கட்டத்தில் (விண்டோஸ் கீயையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வருவது) \\192.168.10.5\கணக்கு என்று போடுகிறீர்கள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 0எக்ஸ்80070035 அல்லது பிழை 53 வருகிறது: நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை.

முதலில் ஆபீஸுக்கு ஒரு போன். யாராவது இருந்தால் இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, சர்வர் சிஸ்டம் ஆன்ல இருக்குதுங்களா? மவுச அசைச்சுப் பாருங்க, ஸ்க்ரீன் வருதான்னு.” மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய நாள் என்றால் இந்தக் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும். யுபிஎஸ் தாங்கும் நேரம் முடிந்ததும் கணினி அணைந்திருக்கும், மாலையில் கரண்ட் வந்தபோது யாரும் ஆன் செய்திருக்க மாட்டார்கள். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) ஏசி பவர் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் ‘பவர் ஆன்’ என்று மாற்றி வையுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். ரௌட்டரில் அந்தக் கணினிக்கு நிரந்தர ஐபி ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு .5 ஆக இருந்தது .12 ஆகிவிடும், நீங்கள் வீட்டில் .5-ஐத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கணினி ஆனில் இருந்தும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் வீட்டு ஐபியைப் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ தட்டினால் வைஃபைக்கு ஒன்று, விபிஎன்னுக்கு ஒன்று என்று இரண்டு முகவரி வரும். வைஃபை முகவரியின் முதல் மூன்று எண்களும் ஆபீஸ் சர்வர் முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆபீஸ் சர்வர் 192.168.1.10, வீட்டு லேப்டாப் 192.168.1.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலும் ஒரு காந்தி நகர், கிருஷ்ணகிரியிலும் ஒரு காந்தி நகர் இருந்து, ‘காந்தி நகர் பத்தாம் நம்பர்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தர்மபுரி தபால்காரரிடம் கொடுத்த கதைதான். அவர் உள்ளூரிலேயே தேடுவார். லேப்டாப்பும் 192.168.1.10 தன் தெருவில்தான் இருக்கிறது என்று நினைத்து வைஃபையிலேயே கூவிப் பார்க்கும். அந்த எண் உங்கள் வீட்டு டிவிக்குப் போயிருக்கலாம், யாருக்குமே போகாமலும் இருக்கலாம். விபிஎன் பாதைக்குள் அந்தக் கோரிக்கை நுழையவே நுழையாது. பிங் செய்து பார்த்தால் அடையாளம் பளிச்சென்று தெரியும்: “ரிப்ளை ஃப்ரம் 192.168.1.7: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்.” பதில் சொல்வது உங்கள் லேப்டாப்பேதான். போன் ஹாட்ஸ்பாட்டில் மட்டும் ஃபோல்டர் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை என்றாலும் இதையே முதலில் சந்தேகியுங்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 வரிசையில் முகவரி தருவதால் அங்கே மோதல் வராது.

உடனடித் தீர்வு வீட்டு ரௌட்டரை மாற்றுவது. பிரவுசரில் 192.168.1.1 திறந்து (பாஸ்வேர்டு பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும்), லேன் அமைப்பில் ரௌட்டரின் ஐபியை 192.168.77.1 ஆக்கிச் சேமியுங்கள். டிஎச்சிபி வரம்பும் (ரௌட்டர் கருவிகளுக்குத் தானாகக் கொடுக்கும் முகவரிகள்) 77-க்கு மாறியதா என்று பார்த்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நிலையான தீர்வு ஆபீஸ் பக்கம் மாற்றுவதுதான். 192.168.0, 192.168.1 இரண்டும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கும் வரிசைகள், ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29. ஆபீஸுக்கு இவற்றில் எதையும் வைக்கக் கூடாது. 10.43.43 போல யாருக்கும் எளிதில் தோன்றாத ஒன்றை வைத்தால், ஐந்து பேர் வீட்டு ரௌட்டரைத் திருத்தும் வேலை மிச்சம்.

முகவரி மோதவில்லை, இருந்தும் வழி இல்லை. அப்போது பார்க்க வேண்டியது ஃபயர்வால், அதுவும் சர்வர் பக்கத்து ஃபயர்வால். விண்டோஸில் ஃபைல் ஷேரிங் அனுமதி, டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத சிறிய ஆபீஸ்களில், ‘லோக்கல் சப்நெட்’ என்று மட்டும்தான் இருக்கும். அதாவது ஆபீஸுக்குள் அதே வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும். விபிஎன் உங்களுக்கு 10.10.0.6 போல வேறு வரிசை முகவரி கொடுத்திருந்தால் நீங்கள் அந்நியர். பிங்குக்கும் இதே கட்டுப்பாடு இருப்பதால் பிங் வராததை வைத்து சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பவர்ஷெல்லில் (கமாண்ட் ப்ராம்ப்ட் போன்ற இன்னொரு கட்டளை ஜன்னல்) ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ 192.168.10.5, பிறகு கோடு போட்டு ‘போர்ட்’ 445 என்று தட்டுங்கள் (445 ஃபைல் ஷேரிங்குக்கான போர்ட்). கடைசி வரியில் ‘ட்ரூ’ என்றால் வழி இருக்கிறது, படி 4-க்குப் போகலாம். ‘ஃபால்ஸ்’ என்றால் சர்வரில் ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ திறந்து, இன்பவுண்ட் விதிகளில் ‘ஃபைல் அண்ட் ப்ரின்டர் ஷேரிங் எஸ்எம்பி-இன்’ என்பதன் ஸ்கோப் தாவலில் விபிஎன் வரிசையைச் (10.10.0.0/24) சேர்க்க வேண்டும். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லி யாராவது யோசனை கூறினால் கேட்காதீர்கள்.

இன்னொரு காரணம் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற சின்ன டிக். விபிஎன் போட்டதும் யூட்யூப்பிலிருந்து எல்லாமே ஆபீஸ் வழியாகப் போகிறது, நெட் தவழ்கிறது என்று பலரும் அந்த டிக்கை எடுத்துவிடுவார்கள். இடம்: ரன் கட்டத்தில் ‘என்சிபிஏ.சிபிஎல்’, விபிஎன்னின் ப்ராப்பர்ட்டீஸ், நெட்வொர்க்கிங், ஐபிவி4, அட்வான்ஸ்டு. எடுப்பது சரிதான். ஆனால் எடுத்த பிறகு, விபிஎன் தந்த முகவரியின் வரிசைக்கு மட்டும்தான் விண்டோஸ் வழி போட்டுக்கொள்ளும். விபிஎன் முகவரி 10.10.0.6, சர்வர் 192.168.10.5 என்றால் வழி இல்லாமல் போகும். பவர்ஷெல்லில் ‘ஆட்-விபிஎன்கனெக்‌ஷன்ரூட்’ கட்டளையில் உங்கள் கனெக்‌ஷன் பெயரையும் 192.168.10.0/24-ஐயும் கொடுத்தால், ஒவ்வொரு முறை இணையும்போதும் வழி தானாகச் சேரும். விபிஎன் முகவரி, சர்வர் முகவரி இரண்டும் 10-இல் தொடங்கினால் இந்தத் தலைவலியே கிடையாது, 10-இல் தொடங்கும் எல்லாவற்றையும் விண்டோஸ் இங்கே ஒரே வரிசையாக எடுத்துக்கொள்ளும். மேலே 10.43.43 என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐபி போட்டால் திறக்கிறது, சர்வர் பெயர் போட்டால் திறக்கவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆபீஸுக்குள் கணினிகள் சத்தம் போட்டு ஒருவரையொருவர் பெயரால் அறிந்துகொள்கின்றன. அந்தச் சத்தம் விபிஎன்னைத் தாண்டாது. ஐபியையே பயன்படுத்துங்கள். எக்செல் ஃபைல்களுக்குள் சர்வர் பெயரை வைத்து லிங்க் போட்டிருந்தால் மட்டும் நோட்பேடை அட்மினாகத் திறந்து, விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற ஃபோல்டரில் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ ஃபைலில் ஐபி, இடைவெளி, சர்வர் பெயர் என்று ஒரு வரி சேருங்கள்.

படி 4: கதவு திறக்கிறது, உள்ளே விடவில்லை

1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் நீங்கள் யார் என்று சர்வருக்குத் தெரிகிறது, ஆனால் அந்த ஃபோல்டரில் உங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டும் வேறு வேறு. 5-க்குப் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை.

யூசர் பெயரைத் தட்டும்போது சர்வர் பெயர், பின்சாய்கோடு, யூசர் பெயர் என்று முழுதாகத் தட்டுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் உங்கள் லேப்டாப்பில் உள்ள கணக்கு என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நான்கு இலக்கப் பின் போட்டு லாகின் செய்பவர்கள் அந்தப் பின்னை இங்கே இடாதீர்கள். பின் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் செல்லும், ஷேர் கேட்பது பாஸ்வேர்டை.

முன்பு சொன்ன இரண்டு யூசர் தொல்லை இங்கேதான் வரும். விபிஎன்னில் இணைந்ததும் விண்டோஸ், விபிஎன்னுக்குக் கொடுத்த யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஃபோல்டருக்கும் தானாக நீட்டும். சர்வருக்கு அந்த யூசரைத் தெரியாது என்றால் மறுக்கும். நீங்கள் சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வெளியே நிற்பீர்கள். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் போய், விண்டோஸ் கிரெடென்ஷியலில் 192.168.10.5 என்ற முகவரிக்குச் சரியான யூசரைச் சேர்த்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விபிஎன் அமைப்பு சேமிக்கப்பட்டிருக்கும் ‘ராஸ்ஃபோன்.பிபிகே’ என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து, ‘யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ்’ வரியில் 1-ஐ 0 ஆக்குங்கள். விபிஎன்னைத் துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

1219 என்றால் ஒரே சர்வருக்கு ஏற்கெனவே வேறு யூசர் பெயரில் இணைப்பு இருக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்து மூடிவிட்டு, ‘நெட் யூஸ்’ தட்டி என்னென்ன இணைப்பு உள்ளது என்று பாருங்கள். பிறகு ‘நெட் யூஸ் * /டெலிட்’ தட்டினால் எல்லாம் துண்டிக்கப்படும்.

ஃபைல் திறக்கிறது, சேமிக்க முடியவில்லை என்றால் ஷேரிங் தாவலில் ஓர் அனுமதி, செக்யூரிட்டி தாவலில் ஓர் அனுமதி என்று இரண்டு இருப்பதை நினைவில் வையுங்கள். எது கறாரோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் ‘ரீட்’ மட்டும் இருந்தால் செக்யூரிட்டியில் ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்தும் பயனில்லை.

புது லேப்டாப் வாங்கிய பிறகு பழைய ஸ்டோரேஜ் பெட்டியில் உள்ள ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லையா? பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவைப் புதிய விண்டோஸ் அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் கறார். பெட்டியில் பாஸ்வேர்டுடன் ஒரு யூசர் உருவாக்குங்கள். எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையைத் திரும்ப ஆன் செய்யும் வழி இணையத்தில் நிறையக் கிடைக்கும். செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற தீய மென்பொருள் புகுந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

அதே காரணத்துக்காக இன்னொன்று. “விபிஎன் எதுக்குங்க, ரௌட்டர்ல 445 போர்ட்டைத் திறந்துவிட்டா நேரா வந்துரும்” என்று சொல்பவர்கள் உண்டு. வரும். கூடவே உலகத்தில் உள்ள எல்லோரும் வருவார்கள். 445 ஒருபோதும் இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்திருக்கக் கூடாது.

திறந்த பிறகு தவழ்கிறது

வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டு டவுன்லோடு மட்டும் இல்லை, ஆபீஸின் அப்லோடும்தான். ஆபீஸ் அப்லோடு 20 மெகாபிட் என்றால் விநாடிக்கு 2.5 எம்பி. 50 எம்பி எக்செல் 20 விநாடியில் வரும். அப்லோடு 2 மெகாபிட் என்றால் அதே ஃபைலுக்கு 200 விநாடி. பெரிய ஃபைலை லேப்டாப்புக்கு நகலெடுத்து, வேலை முடித்து, திரும்ப வைப்பது நல்லது. ஆனால் நகலெடுக்குமுன் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே இன்னொருவர் அதே லிஸ்ட்டைத் திருத்தி வைத்திருப்பார், உங்கள் நகல் அதன்மேல் விழும்.

டேலி டேட்டாவை விபிஎன் ஷேர் வழியாகத் திறந்து வேலை செய்யக் கூடாது. ஒவ்வொரு வவுச்சருக்கும் அது சின்னச்சின்னதாகப் பல முறை படித்து எழுதும். ஒவ்வொன்றும் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய் வர வேண்டும். மெதுவாவது ஒரு பக்கம், எழுதும் நடுவில் நெட் அறுந்தால் டேட்டா கெடும் ஆபத்து இன்னொரு பக்கம். விபிஎன்னில் இணைந்து, ஆபீஸ் கணினி ஒன்றை ரிமோட் டெஸ்க்டாப்பில் எடுத்து, டேலியை அங்கேயே ஓட்டுங்கள். நெட் அறுந்தாலும் டேலி ஆபீஸில் அப்படியே நிற்கும், திரும்ப இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஃபோல்டரில் ஃபைல் பெயர்களெல்லாம் தெரிகின்றன, சின்ன ஃபைல் திறக்கிறது, பெரிய ஃபைலைத் தொட்டால் அப்படியே உறைகிறது என்றால் பாக்கெட் அளவு (எம்டியு), அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டின் அளவு, சிக்கல். பிங் 192.168.10.5 என்று தட்டி, கோடு ‘எஃப்’, கோடு ‘எல்’ 1372 என்று சேர்த்துப் பாருங்கள் (பிங்குக்கு சர்வர் பதில் தருவதாக இருந்தால்). பதில் வராவிட்டால் 1372-ஐ இருபது இருபதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் எண்ணுடன் 28 கூட்டினால் அந்தப் பாதை தாங்கும் அளவு. அதை ஆபீஸ் ரௌட்டரைப் பார்ப்பவரிடம் சொல்லி, விபிஎன் பக்கம் எம்டியுவை அதற்கு இறக்கச் சொல்லுங்கள்.

அவருக்குத் தகவல் அனுப்பும்போது “ஓப்பன் ஆகலைங்க” என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதுங்கள்: ‘பாலக்கோட்டிலிருந்து, வீட்டு வைஃபையில், இரவு 9.10. விபிஎன் இணைகிறது, முகவரி 10.10.0.6. வீட்டு வைஃபை 192.168.77.4. 445 சோதனை ஃபால்ஸ். ஹாட்ஸ்பாட்டிலும் அதேதான். நேற்று இரவு ஓடியது.’ இந்த ஆறு வரியைப் படித்ததும் அவர் நேராக சர்வர் ஃபயர்வாலைத் திறப்பார்.